கடலடியில் காடு வளர்த்தவர்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவரை உங்களுக்குத் தெரியும். அவர் பழைய ரகம், அப்பாவி. முயலைக் கொண்டுவந்து எதிரே நிறுத்திக் காலை எண்ணிக் காட்டினால், கொஞ்சம் முனகிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். இங்கே நாம் பார்க்கப் போவது அவருடைய படித்த வாரிசை. இவர் முயலோடு சண்டை போட மாட்டார். நான்கு கால்களையும் பொறுமையாக எண்ணுவார், அட்டவணையில் ஏற்றுவார், படம் வரைவார், பிறகு நான்காவது காலை ‘அளவீட்டுப் பிழை’ என்று குறித்து நீக்கிவிடுவார். மிச்சம் எத்தனை? மூன்று. முதலிலேயே சொன்னாரே, கேட்டீர்களா?

இந்த இனத்துக்கு நாமாகவே ‘திருகர்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். வாய் சொன்னது ஒன்று, அளவு காட்டியது இன்னொன்று என்று ஆகிவிட்டால், சாதாரண மனிதன் அசடு வழிந்துகொண்டு வாயைத் திருத்திக்கொள்வான். திருகர் அளவைத் திருகுவார். அது சொன்ன பேச்சைக் கேட்கும்வரை திருகிக்கொண்டே இருப்பார். இவர்கள் இல்லாத ஊர் கிடையாது; அலுவலகத்தில் இருப்பார்கள், கோயில் கமிட்டியில் இருப்பார்கள், கல்யாண வீட்டில் பந்திக்கு எத்தனை இலை என்று தீர்மானிக்கிற இடத்தில் கட்டாயம் இருப்பார்கள். ஆனாலும் பினாங்குத் தீவுக்கு வாய்த்திருப்பவர் முதல் தரம். பெயர் டாக்டர் மோகனராஜ்.

டாக்டர் என்றதும் அவசரப்பட்டு நாக்கை நீட்டிக் காட்டிவிடாதீர்கள். இவர் கடலுக்கு டாக்டர். மலாக்கா நீரிணையைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்து, சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டு நறுக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இவ்வளவு ஆழம், இவ்வளவு காற்று, நிலா இவ்வளவு இழுக்கும் என்று ஊட்டிவிட்டால், ஒரு கட்டம் அடுத்த கட்டத்தைத் தள்ள, அது அதற்கடுத்ததைத் தள்ள, கடைசியில் எந்தத் தேதியில் எந்தத் தெருவில் கடல் எத்தனை சென்டிமீட்டர் ஏறும் என்று அந்தப் பெட்டி படமாகவே போட்டுக் காட்டிவிடும். காய்ந்த கட்டம் வெள்ளை, நனைந்த கட்டம் நீலம். இதற்குத்தான் மாடல் என்று பெயர். அருமையான வித்தை, உயிர்களைக் காப்பாற்றுகிற வித்தை. அதில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பெட்டிக்கு முன்னால் இருக்கிற நாற்காலியில்தான்.

மோகனராஜுக்கு வயது ஐம்பத்திரண்டு. ‘மாடல் என்ன சொல்லுதுன்னா’ என்று தொடங்காத வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து பல வருடம் ஆகிறது. ஒருநாள் மழை வராது என்று சொல்லிக் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு, சவ்ரஸ்தா பாசாரிலிருந்து தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட வந்து நின்றார். “என்னங்க, மழை வராதுன்னீங்களே?” என்று மனைவி கேட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். “இது நம்ம கட்டத்து மழை இல்ல. பக்கத்துக் கட்டத்து மழை. எல்லை தாண்டி வந்திருக்கு.” நனைந்தது இவர், தப்பு மழை மேல்.

இன்னொரு நாள், தீவுக்கு அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் மைத்துனர் தயாளன் வீட்டுக்கு முப்பத்தெட்டு நிமிடத்தில் போய்விடலாம் என்று சொல்லிக் கிளம்பினார். கடல் பாலத்தில் ஜாம். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. தயாளன் கதவைத் திறந்தவுடன் இவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, “ஜாமைக் கழிச்சிட்டுப் பாத்தா சரியா முப்பத்தெட்டு” என்றார். தயாளன் என்ன செய்வார்? “வாங்க மச்சான், சோறு ஆறிப்போச்சு. ஆறுனதக் கழிச்சிட்டுப் பாத்தா சூடாத்தான் இருக்கு” என்றார். மோகனராஜ் இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மனைவி பெயர் ஜெகதீஸ்வரி. லிட்டில் இந்தியாவிலிருந்து வெல்ட் கீ கடலோரத்துக்கு இறங்குகிற ஒரு சந்தில் தையல் கடை வைத்திருக்கிறார். தரைத்தளம், ஒரே அறை, பத்தொன்பது வருடம். அந்தக் கடைக்கு ஒரே ஒரு சட்டம்தான்: தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் ரவிக்கை உங்கள் கையில் இருக்கும். அந்தச் சட்டம் ஒரு வருடமும் மீறப்பட்டதில்லை. அதனால்தான் பட்டர்வொர்த்திலிருந்து படகேறி வந்து துணி கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இந்த வருடம் எண்பத்தாறு ரவிக்கை. பெரும்பாலும் பட்டு, அதுவும் புடவையோடு ஒட்டி வந்த துணியை வெட்டிக் கொடுத்தது. அந்தத் துணியின் அருமையைப் பெண்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆண்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள். அந்தத் துணி கெட்டுப்போனால் அதே நிறம், அதே கரை, உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது. புடவை ஒரு பக்கம் ஒற்றையாக உட்கார்ந்திருக்கும். உப்புத் தண்ணீர் பட்டால் சாயம் ஊறும், ஜரிகை கறுக்கும். அலமாரி நிறைந்து வழிந்ததால், மிச்சத் துணிகள் பெயர் குத்திய பைகளில் தரையில் வரிசையாக நின்றன.

பக்கத்துக் கடை ஸுல்கிஃப்லி பாய் பயணப்பெட்டி விற்கிறவர். நாள் முழுக்க வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பதால், சந்துக்குள் ஈ நுழைந்தாலும் அவருக்குத் தெரியும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் சாவியோடு வந்தார்.

“தங்கச்சி, வர்ற வெள்ளிக்கிழமை ஆயெர் பசாங் பெசார். பௌர்ணமி ஏத்தம். போன மாசமே லோங்காங்ல தண்ணி விளிம்பு வரைக்கும் வந்துச்சு, என் கண்ணால பாத்தேன். இந்தத் தடவ இன்னும் ஏறும் போல. துணிய கீழ வெக்காத லா. என் மாடி ரூம் சும்மாதான் கெடக்கு, இந்தா சாவி.”

லோங்காங் என்றால் வாசல் சாக்கடை. கடல் உயர்ந்தால் அந்தச் சந்துக்குள் வருகிற வழி அதுதான். ஜெகதீஸ்வரி ஊசியைக் காலரில் குத்திக்கொண்டு சாவிக்குக் கை நீட்டினார். அந்தக் கை பாதி தூரம் போயிருக்கும். சுவரோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மோகனராஜ் தொண்டையைக் கனைத்தார்.

யோசித்துப் பாருங்கள். கடலுக்கு டாக்டர். மூன்று நாட்டு மாநாட்டில் பேசியவர். அவர் முன்னாலேயே, அவர் பெண்டாட்டிக்கு, பெட்டி விற்கிறவர் கடல் சொல்கிறார்! போதாததற்கு, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை வள்ளியம்மா வேறு அளவு கொடுக்க வந்து நின்று வேடிக்கை பார்க்கிறார். 

“பாய், இந்தக் கடல நான் இருபத்தேழு வருஷமா பாக்குறேன்.”

“நீங்க பெட்டிக்குள்ள பாக்குறீங்க டாக்டர். நான் வாசல்லேருந்து பாக்குறேன்.”

“வாசல்ல பாக்குறது அறிவியல் இல்ல. நான் சொல்றேன், இந்தச் சந்துக்குள்ள ஒரு சொட்டு வராது. எழுதி வெச்சுக்குங்க.”

“நெஜமாவாங்க?” என்றார் ஜெகதீஸ்வரி. “மாடல் சொல்லிச்சா?”

“சொல்லும்.”

கவனித்தீர்களா? சொல்லியது அல்ல, சொல்லும். மாடலை அவர் இன்னும் கேட்கவே இல்லை. திருகர் இனத்தில் முடிவு முன்னால் நடக்கும். ஆராய்ச்சி பின்னால் மூச்சு வாங்க ஓடிவரும்.

வள்ளியம்மா, “டாக்டரே சொல்றாரு, அப்புறம் என்ன” என்று முத்திரை குத்திவிட்டுப் போனார். ஜெகதீஸ்வரி சாவியைத் திருப்பிக் கொடுத்தார். நம்பிக் கொடுத்தார் என்று மட்டும் சொல்ல முடியாது. சாவியை வாங்கியிருந்தால் வீட்டில் பத்து நாளைக்கு ஒரு முகம் தூக்கியே இருக்கும். தீபாவளி நேரத்தில் அந்த முகத்தையும் பார்த்துக்கொண்டு எண்பத்தாறு ரவிக்கை தைக்க முடியாது. இப்படித்தான் ஒவ்வொரு திருகருக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் வாயை மூடிக்கொண்டு பிழைக்கிறது.

புதன்கிழமை காலை மாடல் வாயைத் திறந்தது. தீவின் தெற்குப் பக்கத்தில் இருக்கிற ஆய்வு நிலையம். அவரோடு எட்டு வருடமாக வேலை பார்க்கிற சுஹானாதான் அதை ஓட்டியவர்.

“டாக்டர், இங்க கொஞ்சம் பாருங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏத்தம். அந்தமான் பக்கத்துக் காத்து வேற தள்ளுது. வெல்ட் கீ ஓரம் பூரா நீலம்.”

மோகனராஜ் குனிந்து பார்த்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். அந்தச் சந்து வந்தது. அந்தக் கட்டம் வந்தது. நீலம். முப்பத்தெட்டு சென்டிமீட்டர். நிற்கிற ஆளுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. தரையில் நிற்கிற துணிப்பைக்குத் தலைக்கு மேலே.

இதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பாவம். சுமார் பத்து விநாடி அவர் நல்ல மனிதராக இருந்தார். சுஹானாவைப் பார்க்காமல் வெளியே வந்து போனை எடுத்தார், மனைவியைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம்.

“சொல்லுங்க.”

‘துணியெல்லாம் மேல ஏத்திடு’ என்று மூன்றே சொல். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, போனுக்குள்ளே எங்கேயோ ஸுல்கிஃப்லி பாய் யாரிடமோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“சாப்பிட்டியா?” என்றார் மோகனராஜ்.

“மணி பத்தரைங்க. இப்ப என்ன சாப்பாடு?”

“சும்மா கேட்டேன்.” போனை வைத்தார். பத்து விநாடி முடிந்தது.

இப்போது மாடலுக்குள் இருக்கிற ஒரு திருகாணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலடித் தரை வழுவழுப்பாக இருந்தால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடிவரும். கரடுமுரடாக இருந்தால் தடுக்கித் தடுக்கி வரும், கரைக்கு வரும்போது களைத்திருக்கும். எவ்வளவு கரடுமுரடு? யாரும் மூழ்கிப் போய் முழுக்கத் தடவிப் பார்த்ததில்லை. ஆகவே அதற்கு ஓர் எண். போன வருடத்து ஏற்றங்களோடு ஒப்பிட்டு, அந்த எண்ணைப் பொருத்தமாக நிறுத்திக்கொள்வார்கள். யோக்கியமான ஆட்கள் அதை ஒருதரம் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். மோகனராஜ் அதன்மேல் ரசத்துக்கு உப்புப் போடுகிற மாதிரி கை வைத்தார். கொஞ்சம் கூட்டினார். முப்பத்தெட்டு, இருபத்தொன்பதாயிற்று. பரவாயில்லை, கடல் பேச்சைக் கேட்கிறது! இன்னும் கொஞ்சம். பதினேழு.

“டாக்டர்,” என்றார் சுஹானா, “துறைமுகத்துத் தூண்ல இருக்கிற நீர்மட்டக் கருவியே இன்னிக்கு இருபது சென்டிமீட்டர் கூட காட்டுது. முதல் ரன் அதோட ஒத்துப்போகுது.”

“அந்தக் கருவியில சிப்பி ஒட்டியிருக்கும்.”

“போன வாரம்தான் சுரண்டிக் கழுவுனாங்க.”

“அப்ப ரொம்ப சுரண்டியிருப்பாங்க.”

இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதில் கிடையாது. சுஹானா மறுபடி ஓட்டினார். ஒன்பது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒன்றே கால் மணி நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட மோகனராஜ் எழுந்திருக்கவில்லை. நான்கு. மூன்றரை மணிக்கு அந்தக் கரடுமுரடு எண்ணைப் பார்த்துவிட்டு சுஹானாவால் பொறுக்க முடியவில்லை.

“டாக்டர், இந்த நம்பர் வரணும்னா கடலடியில காடு வளந்திருக்கணும்.”

“ஏன், நம்ம கடலோரம் பூரா சதுப்புநிலக் காடு இல்லையா?”

“அது கரையில டாக்டர். நீங்க கப்பல் போற வழியில வளத்திருக்கீங்க.”

“இன்னொரு தடவ ஓட்டு.”

நான்கே முக்கால் மணிக்கு அந்தக் கட்டம் வெள்ளையாகிவிட்டது. மலாக்கா நீரிணைக்கு அடியில் அடர்ந்த காடு ஒன்றை ஒரே பகலில் வளர்த்துமுடித்த மோகனராஜ், முதுகை நிமிர்த்திச் சோம்பல் முறித்தார். ஏமாற்றினோம் என்று அவருக்கு ஒரு நொடியும் தோன்றவில்லை. நீங்கள் அவரைத் திருடன் என்று நினைத்துவிடக் கூடாது. திருடனுக்காவது தான் எடுத்தது அடுத்தவன் பணப்பை என்று தெரியும். இவர் முழு மனதோடு நம்பினார். ஆறு மணி நேரம் உழைத்துப் பெற்ற வெள்ளையை யார்தான் நம்ப மாட்டார்கள்? வண்ணத்தில் அச்சடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேசையில் மனைவி முன்னால் விரித்து வைத்தார்.

“இதான் உன் கடை.”

“வெள்ளையா இருக்கு.”

“வெள்ளைன்னா காஞ்ச தரை. நிம்மதியாத் தை.”

ஜெகதீஸ்வரிக்கு உண்மையிலேயே நெஞ்சு லேசாயிற்று. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்த பயம் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் விட்டுப்போனது. அதுதான் கொடுமை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு மோகனராஜின் போன் அடித்தது.

“என்னங்க, லோங்காங்லேருந்து தண்ணி மேல வருது.”

“மழைத் தண்ணியா இருக்கும்.”

“வெயில் கொளுத்துதுங்க.”

“மேல எங்கயாச்சும் பைப் உடைஞ்சிருக்கும். தொட்டு நாக்குல வெச்சுப் பாரு.”

ஜெகதீஸ்வரி விரலை நனைத்து நாக்கில் வைத்தார். “உப்புக் கரிக்குதுங்க.”

“அப்ப மீன்காரன் ஐஸ்பெட்டி கழுவியிருப்பான்.”

“சந்து பூரா ஓடுதுங்க! எத்தன ஐஸ்பெட்டி?”

“நீ பதறாத. மாடல்ல இந்த நேரத்துக்கு...”

போன் கட்டாயிற்று. அந்தப் பேச்சுக்கு ஐந்து நிமிடம் போயிருந்தது. ஐந்து நிமிடத்தில் கடல் வாசற்படியைத் தாண்டியிருந்தது. ஸுல்கிஃப்லி பாய் தன் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிவந்தார். மாடிக்கு ஏற்றியது போக மிச்சமிருந்த தன் பெட்டிகள் மிதந்ததை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பேருமாகக் கைக்கு வந்த பைகளை வெட்டு மேசைமேல் எறிந்தார்கள், இயந்திரத்தின்மேல் எறிந்தார்கள், மாடிப்படிக்கு ஓடினார்கள். ஐம்பத்தைந்து தப்பித்தன. முப்பத்தொன்று முழுகிவிட்டன.

மோகனராஜ் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. கடல் வந்த வழியே இறங்கிவிட்டிருந்தது. சந்து முழுக்கச் சேறு, சாக்கடை நாற்றம். கடைக்குள்ளே ஜெகதீஸ்வரி முழங்காலிட்டு உட்கார்ந்து, நல்ல தண்ணீர் வாளியில் ஒவ்வொரு பட்டாக முக்கி அலசிக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீர் அரக்காகி, பச்சையாகி, இன்னதென்று சொல்ல முடியாத ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. பாய் துடைப்பத்தால் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். பேசாமல் அவரும் ஒரு வாளியை எடுத்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். 

சுவரைப் பார்த்தார். தண்ணீர் நின்ற இடத்தில், சுண்ணாம்பின்மேல் நேர்கோடாக ஒரு கறை. கறையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கால்சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். ஆமாம், கொண்டுவந்திருந்தார். கால்சட்டையை மடித்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, தரையிலிருந்து கறைவரை பிடித்தார், கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், மறுபடி பார்த்தார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். விழுந்த பள்ளத்தை அளந்து, ஆழம் சரியாக இருக்கிறது என்று கை தட்டினவரைப் பார்த்ததில்லை.

“முப்பத்தெட்டு!” என்று கத்தினார் மோகனராஜ். “ஜெகா, முப்பத்தெட்டு! ஒரு சென்டிமீட்டர் பிசகல! பாய், பாத்தீங்களா? என் மாடல் புதன்கிழமையே சொல்லிடுச்சு!”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது மழைக்குக் கத்துகிறது.

வாளிக்குள் இருந்த கை நின்றது.

“என்ன சொன்னீங்க?”

“இல்ல, முதல் ரன்ல...”

“புதன்கிழமையே சொல்லிச்சா?”

“அது வந்து, கேலிப்ரேஷன்ல...”

“புதன்கிழமை பத்தரைக்கு எனக்குப் போன் பண்ணீங்க. சாப்பிட்டியான்னு கேட்டீங்க.”

பாய் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தன் கடைக்குப் போய்விட்டார். நாகரிகம் தெரிந்த மனுஷன்.

மோகனராஜ் திருகுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று சுற்றும்முற்றும் பார்த்தார். சேறுதான் இருந்தது. ஜெகதீஸ்வரி எழுந்து நின்றார். கையிலிருந்த பட்டிலிருந்து நிறம் சொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“இருபத்தஞ்சு வருஷத்துல உங்க வார்த்தைய நான் ஒரு தடவ தட்டுனதில்ல. மழையில நனைஞ்சு வந்து மழை இல்லன்னீங்க, சரின்னேன். எனக்குச் சிரிப்பா இருக்கும், ஆனா சரின்னேன். இது அப்படி இல்லங்க. அந்த மனுஷன் முன்னால உங்க வாய் கீழ எறங்கக் கூடாது, அதுக்காக என் பேரு சாக்கடைத் தண்ணியில போனாப் பரவால்ல. அப்படித்தானே?”

அவருக்கு அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே வந்தது. “தப்புதான் ஜெகா” என்றார். இந்த இனத்தின் வாயில் அந்தச் சொல் வந்ததாக இதற்கு முன்னால் செய்தி இல்லை. ஜெகதீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முப்பத்தொரு பெயரும் போன் எண்ணும் எழுதிய தாளை அவர் கையில் கொடுத்தார்.

“நீங்களே ஒவ்வொருத்தருக்கா கூப்பிட்டுச் சொல்லுங்க. நடந்தத நடந்தபடி சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

மறுநாள் சனிக்கிழமை. மோகனராஜ் கடையில் உட்கார்ந்து கூப்பிட ஆரம்பித்தார். முதல் போன் வள்ளியம்மா டீச்சருக்கு. “என் தப்பு டீச்சர். தண்ணி வரும்னு புதன்கிழமையே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல” என்றார். டீச்சர் கால் மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் அக்கா கல்யாணப் புடவைத் துணி அது, கேட்க வேண்டியதுதான். மோகனராஜ் தலையைக் குனிந்து முழுக்கக் கேட்டார். போனை வைத்தபோது அவரைப் பார்க்க நமக்கே மரியாதை வரும்போலிருந்தது.

இரண்டாவது போனில், ‘தெரியும்’ என்பது ‘ஓரளவுக்குத் தெரியும்’ ஆயிற்று. நான்காவதில், ‘ஒரு ரன்ல மட்டும் வந்துச்சு, ஆனா அத உறுதியாச் சொல்ல முடியாது.’ ஏழாவதில் அந்தமான் காற்று நுழைந்தது. பத்தாவதில் சாக்கடை. பதினான்காவதில், துறைமுகத்துக் கருவியைச் சரியாகச் சுரண்டாத யாரோ ஒருவர். பதினெட்டாவதில் சந்தின் சரிவு. அந்தக் காலத்தில் கட்டியது, யாரைச் சொல்லி என்ன? இருபத்திரண்டாவதில் உலக வெப்பமயமாதல் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அவர் குரலில் ஒரு தெளிவு வந்துவிட்டது. இருபத்தாறில், ‘நாங்க எவ்வளவோ முயற்சி பண்ணோம்.’ யார் அந்த நாங்கள் என்று எதிர்ப்பக்கம் கேட்கவில்லை. முப்பத்தொன்றாவது, பட்டர்வொர்த்தில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் காமினி. முழுக்கக் கேட்டுவிட்டு அந்தப் பெண் தழுதழுத்துப்போய்விட்டது.

“ஐயோ பாவம் டாக்டர். கடலு பொங்குனா நீங்க என்ன செய்வீங்க? மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க.”

“அப்படித்தாம்மா எடுத்துக்கணும்” என்றார் மோகனராஜ் பெருந்தன்மையாக.

போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பொய் என்று எதுவும் சொன்னதாக அவருக்கு நினைவும் இல்லை. காற்று அடித்தது உண்மை, சாக்கடை உண்மை, சரிவு உண்மை. ஒரே ஒரு புதன்கிழமையைத்தான் காணோம்.

முப்பத்தொரு பேச்சையும் தையல் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஜெகதீஸ்வரி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முழுகிய துணிகளில் இருபத்திரண்டைக் காப்பாற்றிவிட்டார். ஒன்பது போனது போனதுதான். அந்த ஒன்பது வீட்டுக்கும் திங்கட்கிழமை அவரே நேரில் போய், நடந்ததை நடந்தபடி சொல்வதென்று அப்போதே முடிவு செய்துவிட்டார். கைகழுவிவிட்டு வந்து, மேசையிலிருந்த அவர் போனை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுஹானாவைக் கூப்பிட்டார்.

“சுஹானாவா? நான் ஜெகதீஸ்வரி பேசுறேன்மா. தீபாவளி அமாவாசை ஏத்தத்துக்கு நம்ம சந்துல எவ்வளவு வரும்? அவர் கை படாத நம்பரா சொல்லு.”

மோகனராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெகதீஸ்வரி விரலை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, கத்தரித்த துணி ஓரத்தில் சாக்குக்கட்டியால் ஓர் எண்ணை எழுதிக்கொண்டார். பிறகு பக்கத்துக் கடைக்குச் சாவி வாங்கப் போனார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். கடலும் கட்டமும் நமக்கு எதற்கு, நாம் அந்த ரகம் இல்லை. மகள் ஜாதகம் பொருந்தவில்லை என்று இரண்டு ஜோசியர் சொன்ன பிறகு, பொருந்துகிறது என்று சொல்லக்கூடிய மூன்றாவது ஜோசியரை விலாசம் விசாரித்துக் கண்டுபிடித்தது நாமா என்ன? குளியலறையில் எடை பார்க்கும் கருவியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்தி, ஒரு காலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது வேறு யாரோ. போன மாதம் கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்த்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? “இப்பத்தான் படியேறி வந்தேன், இன்னொரு தரம் பாருங்க” என்றீர்கள். பார்த்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு, கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டு, மூன்றாவது தரமும் பார்க்கச் சொன்னீர்கள். வீட்டுக்கு வந்து அந்த மூன்றாவது எண்ணைத்தான் சொன்னீர்கள். வீட்டிலும் நம்பிவிட்டார்கள், பாவம்.

முதல் எண்ணை நர்ஸ் எழுதி வைத்திருக்கிறார்.